ஓரமாப் போ என்கிறோம், ஓரம் எங்கே?

காலை ஏழு மணிக்குக் கல்லடியில் வீதியோரம் நின்றால், மட்டக்களப்பு பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போவதைப் பார்க்கலாம். வெள்ளைச் சீருடையில் நாலைந்து பெண்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் வருகிறார்கள். மீன்பெட்டி கட்டிய ஒருவர் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்களைத் தாண்டிப் போகிறார். பின்னால் தம்பியைக் கரியரில் ஏற்றிய அண்ணன். காற்சட்டைக் காலை ரப்பர் வளையத்தால் இறுக்கிக்கொண்டு கந்தோருக்குப் போகும் ஓர் ஐயா. இவர்களுக்கும் அக்கரைப்பற்றிலிருந்து ஓடிவரும் பஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைக் கோடு. சில இடங்களில் அந்தக் கோடும் தேய்ந்துவிட்டது.

ஊரில் எந்த வீட்டுப் படலையிலும் காலையில் கேட்கும் சொல் ஒன்று உண்டு: "ஓரமாப் போ மகள், கவனமாப் போ." எனக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் இடம் இருந்தது. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று அடிக்கு இறுகிய நிலம் கிடக்கும். லொறி வந்தால் அதில் இறங்கிவிடலாம். காப்பெட் வீதி வந்தபின் அந்த நிலத்தின் பெரும்பகுதிக்கும் தார் போட்டாயிற்று. அது சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை, நிறுத்திய வாகனங்களுக்குப் போய்விட்டது. கடை வாசலில் ஒரு வேன், அதற்கு முன்னால் இரண்டு ஆட்டோ, வீடு கட்டுபவர் கொட்டிய மணல், மூடி உடைந்த வடிகான். ஓரமாகப் போகும் பிள்ளை ஒவ்வொரு ஐம்பது மீற்றருக்கும் ஒருமுறை நடு வீதிக்கு வெட்டி ஏறவேண்டியிருக்கிறது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு அந்த வெட்டு எப்போது வரும் என்று தெரியாது. ஆபத்து முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

தடுப்புள்ள சைக்கிள் பாதை என்று உலக நகரங்கள் அமைத்துவருவது வேறொன்றுமில்லை, அந்த ஓரத்தைக் கல்லாலும் கொங்கிரீட்டாலும் திருப்பிக் கட்டுவதுதான். அது நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும், எங்கே சிக்கும் என்பதை அளவுகளோடு பார்க்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு வீதி, மூன்று வேலை

எழுவான்கரை நீண்டு ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே வாவி. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று ஊர்கள் அதில் கோத்துக் கிடக்கின்றன. களுவாஞ்சிக்குடி, கல்லாறு தாண்டி அம்பாறை மாவட்டத்துக் கல்முனை, சாய்ந்தமருது வரைக்கும் இதே அமைப்புத்தான். இந்த ஊர்களுக்கெல்லாம் முதுகெலும்பு ஏ4 நெடுஞ்சாலை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி ஏறக்குறைய 430 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பில் வந்து முடிகிறது. அந்தக் கடைசிக் கிலோமீற்றர்களில் அது நெடுந்தூர பஸ் ஓடும் வீதி, ஊரின் கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், மூன்றும். உள்வீதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் நகருக்குள் போக வேண்டுமானால் கல்லடிப் பாலத்தடிக்கு வந்தே ஆகவேண்டும். எல்லா ஒழுங்கைகளும் கடைசியில் அந்த ஒரு வாய்க்குத்தான் வந்து சேர்கின்றன.

அந்தப் பாலத்தின் கதையே போதும், வீதி அகலம் மனிதர் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்று காட்ட. ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரில் 1924இல் திறந்த இரும்புப் பாலம் ஒரு தடம் மட்டுமே கொண்டது. ஒரு பக்கத்து வாகனம் வரும்போது மறுபக்கம் காத்திருக்கும். பௌர்ணமி இரவில் மீன் பாடுவதைக் கேட்கத் தோணியில் போனவர்களின் கதைகளோடு, இந்தக் காத்திருப்பும் ஊரின் நினைவில் ஒரு பகுதி. 2013 மார்ச்சில் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் திறந்தார்கள். அது வேண்டிய பாலம். அம்பியூலன்ஸ் காத்திருந்த நாட்களை நினைத்தால் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பழைய பாலத்தின் ஒடுக்கம் தன்னை அறியாமலே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. நகருக்குள் வரும் ஒவ்வொரு வாகனத்தையும் ஊர்ந்து வரச்செய்தது. புதுப்பாலம் அந்தக் கடிவாளத்தை அவிழ்த்தது, வேறு கடிவாளம் எதையும் நாம் போடவில்லை.

போர்க்காலத்தில் எரிபொருள் கட்டுப்பாடும் சோதனைச் சாவடிகளும் இந்த மாவட்டத்தைச் சைக்கிளில் ஏற்றிவைத்திருந்தன. சுனாமிக்குப் பின்னும் போர் முடிந்தபின்னும் நிவாரணமாகக் கொடுத்த பொருட்களில் சைக்கிளும் ஒன்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போக, குடும்பம் நடத்தும் தாய்க்குத் தொழில் செய்ய. 2009க்குப் பின் வீதிகள் காப்பெட் ஆயின, லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் வந்தன. பிறகு 2022 வந்தது. யூலையில் கியூஆர் அட்டை முறை தொடங்கும்வரை எரிபொருள் நிலையத்தில் நாள்கணக்கில் வரிசை. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்களை எடுத்து எண்ணெய் போட்டோம். கடைகளில் புதுச் சைக்கிளின் விலை எகிறியது. ரியூப் கிடைக்கவில்லை, டயர் கிடைக்கவில்லை. அந்தச் சில மாதங்களில் ஏ4 வீதியில் அச்சமில்லாமல் ஓட முடிந்தது, மோட்டார் வாகனம் குறைவாக இருந்ததால். பெற்றோல் வந்ததும் பலர் சைக்கிளைத் திரும்பக் கோடிக்குள் வைத்துவிட்டார்கள். வெயிலுக்குப் பயந்து வைத்ததாக நான் நினைக்கவில்லை.

கோடு காக்காது

"சைக்கிளுக்கு ஒரு கோடு போட்டால் போதாதா?" என்று முதலில் கேட்பார்கள். போதாது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் சைக்கிள்களில் அளவுகருவி பூட்டி, தாண்டிப் போகும் வாகனங்கள் எவ்வளவு இடைவெளி விடுகின்றன என்று அளந்தார்கள். 2019இல் வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. கோடு மட்டும் போட்ட வீதிகளில் வாகனங்கள் இன்னும் கிட்டவே, சராசரியாக 27 சென்ரிமீற்றர் நெருங்கிப் போயின. கோட்டைக் கண்டதும் ஓட்டுநர், தன் தடத்துக்குள் தான் சரியாகப் போகிறேன் என்று எண்ணிக்கொள்கிறார். சைக்கிளுக்கென்று விலகுவதை விட்டுவிடுகிறார்.

மறுபக்கம், கனடாவின் வான்கூவரிலும் டொராண்டோவிலும் காயப்பட்டு மருத்துவமனைக்கு வந்த 690 சைக்கிள் ஓட்டிகளிடம் எந்த வீதியில், எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்று கேட்டுச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஓரத்தில் வாகனம் நிறுத்தும் பெருவீதியோடு ஒப்பிட்டால், தடுப்பால் பிரித்த பாதையில் காயப்படும் வாய்ப்பு ஒன்பதில் ஒரு பங்கு அளவுதான். நிறுத்திய வாகனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நாவற்குடாப் பக்கம் ஒருநாள் நிறுத்தியிருந்த வேனின் கதவு திறந்து என் கைப்பிடியில் பட்டது. நான் விழுந்தது வலப்பக்கம், வீதியின் உள்ளே. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டுவிட்டது. கதவைத் திறந்தவர் கெட்ட மனிதர் இல்லை. இறங்கி ஓடிவந்து தூக்கிவிட்டார். அவர் திறக்கும் இடத்திலேதான் நான் போகவேண்டும் என்று வீதி அமைந்திருக்கிறது.

வேகத்தின் கணக்கும் இதற்குள் வருகிறது. நகருக்குள் பஸ், கார், மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லை. அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகும். ஓட்டுநர் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன், பிறகு நிற்க இன்னொரு 14 மீற்றர் என்று வைத்தாலும், காய்ந்த வீதியில் மொத்தம் 28 மீற்றர். 30 கிலோமீற்றரில் அதே கணக்கு 14 மீற்றருக்குள் முடிந்துவிடும். மோதலின் விசைக்குக் காரணமான ஆற்றலோ 30க்கும் 50க்கும் இடையில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதனால்தான் 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவரும் சைக்கிளும் வாகனத்தோடு கலக்கும் இடங்களில் 30ஐ எல்லையாக்கச் சொன்னது. கலக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் கலக்க விடக்கூடாது. ஏ4 இரண்டாவது வகை. ஒழுங்கைகள் முதலாவது வகை, அங்கே தனிப்பாதை தேவையில்லை, வேகத்தடையே போதும்.

இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். நாம் அதை விதி என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1638இல் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1971இல் மட்டும் அங்கே 3,000க்கு மேற்பட்டோர் வீதியில் இறந்தனர், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் வீதிக்கு வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசு அறிவித்தது. வெறுமையான வீதியில் சைக்கிள் ஓட்டிப் பார்த்த மக்கள் அதை விட மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று அந்த நாட்டில் 35,000 கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் பாதை உண்டு. 1973இல் அவர்களுக்கு வந்த எண்ணெய் நெருக்கடிதான் 2022இல் நமக்கும் வந்தது. வெறுமையான வீதியை நாமும் பார்த்தோம்.

மீற்றரை எடுத்து அளந்தால்

இடமில்லை என்பதுதான் எங்கும் வரும் மறுப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கானுக்கும் கானுக்கும் நடுவே 14 மீற்றர் அகலமுள்ள ஒரு வீதியை எடுங்கள். இன்றைய வழக்கத்தில் நடுவில் இரண்டு தடம், ஒவ்வொன்றும் மூன்றரை. மிச்சம் இருபக்கமும் மூன்றரை மூன்றரையாக வாகனம் நிறுத்தவும் மணல் கொட்டவும் போகிறது. அதையே இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு தடமும் மூன்றேகால் மீற்றர், பஸ்ஸின் அகலம் இரண்டரைதான் என்பதால் அது தாராளம். ஒரு பக்கம் மட்டும் 2 மீற்றரில் வாகனத் தரிப்பு. இருபக்கமும் 2 மீற்றர் சைக்கிள் பாதை, அதற்கும் வாகனத்துக்கும் நடுவே முக்கால் மீற்றரில் தடுப்பு. கூட்டினால் 14.

வீதி 11 மீற்றர்தான் என்றால் தரிப்பை எடுத்துவிட வேண்டும். தடங்கள் அதே மூன்றேகால், பாதை ஒன்றேமுக்கால், தடுப்பு அரை மீற்றர். அதுவும் சரியாக வரும். தரிப்பை எடுப்பது என்று எழுதுவது சுலபம், கடைக்காரருக்கு முகம் கொடுப்பது கடினம், அதற்கு வருகிறேன்.

பாதையின் அகலம் ஒன்றரை மீற்றருக்குக் கீழே போகக்கூடாது. ஓடும் சைக்கிள் நேராக ஓடுவதில்லை, ஆடி ஆடித்தான் ஓடும்; கைப்பிடியோடு சேர்த்து ஒரு மீற்றர் அதற்கே வேண்டும். மீன்பெட்டியும் தேங்காய்ச் சாக்கும் கட்டியவருக்கு அதற்கு மேலே. எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. போரில் காலை இழந்தவர்கள் கையால் இயக்கும் மூன்று சில்லு வண்டியில் இன்றும் இந்த வீதியில் வருகிறார்கள். காரும் வேனும் ஏறாமலிருக்க பாதை வாயில் தூண் நடும்போது, தூணுக்குத் தூண் ஒன்றரை மீற்றராவது விடவேண்டும். இல்லாவிட்டால் காரோடும் வேனோடும் சேர்த்து அவர்களையும் தடுத்துவிடுவோம்.

இரண்டு திசையையும் ஒரே பக்கத்தில் 3 மீற்றர் பாதையாகப் போடும் முறையும் இருக்கிறது. இடம் மிச்சமாகும். ஆனால் ஒழுங்கை வாய்கள் நிறைந்த பக்கத்தில் அது ஆபத்து, ஏனென்றால் ஒழுங்கையிலிருந்து வெளியே வருபவர் வலப்பக்கம் பார்த்துவிட்டு ஏறுவார். இடப்பக்கமிருந்து சைக்கிள் வரும் என்று எண்ணமாட்டார். ஒரு பக்கம் வாவியாக இருக்கும் வீதிகளுக்கு மட்டும் அது பொருந்தும். வாவிக்கரையில் ஒழுங்கை இல்லை, கடை இல்லை, காற்று உண்டு. நகரைச் சுற்றி அப்படிப்பட்ட கரைகள் நமக்கு நிறையவே கிடைத்திருக்கின்றன.

சந்தியில்தான் பரீட்சை

நேர் வீதியில் கல் வைத்துவிட்டு, சந்தி வந்ததும் பாதையைக் கைவிட்டுவிடுவதுதான் பல நகரங்கள் செய்த பிழை. மோதல்களில் பெரும்பங்கு சந்தியிலும் ஒழுங்கை வாயிலும் நடக்கிறது. நாம் இடப்பக்கம் ஓடுகிறோம். நேரே போகும் பிள்ளை ஓரத்தில். அவளைத் தாண்டிய கன்டர் லொறி உடனே இடப்பக்கம் திரும்புகிறது. லொறியின் முன்சில்லு தாண்டிவிடும், பின்சில்லு உள்ளே வெட்டும். ஓட்டுநரின் கண்ணாடிக்குள் அவள் அந்த நேரத்தில் இல்லை.

இதற்கு வழி, சந்தியின் மூலையை மாற்றிக் கட்டுவது. முதலில் மூலையின் வளைவை இறுக்க வேண்டும். அகன்ற வளைவில் லொறி வேகம் குறையாமல் திரும்பும், இறுகிய மூலையில் ஊர்ந்துதான் திரும்ப முடியும். பிறகு சைக்கிள் கடக்கும் இடத்தைப் பெருவீதியிலிருந்து ஒரு காரின் நீளம், அதாவது 5 மீற்றர் அளவு உள்ளே தள்ள வேண்டும். அப்போது திரும்பி முடித்த வாகனம் பாதைக்குக் குறுக்கே நேராக நிற்கும், ஓட்டுநர் கண்ணாடியை நம்பாமல் முன்கண்ணால் சைக்கிளைப் பார்ப்பார். மூன்றாவது, ஒழுங்கை வாயில் பாதை கீழே இறங்கக்கூடாது. பாதை அதே உயரத்தில் போகட்டும். வாகனம் ஏறி இறங்கட்டும். ஏறும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அந்த ஒரு கையகல உயரம், ஒரு பொலிஸ்காரர் நின்று செய்யும் வேலையை இரவும் பகலும் செய்யும்.

வலப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள் நடுத்தடத்துக்குள் போய் நிற்கத் தேவையில்லை. நேரே போய் எதிர் மூலையில் நின்று, அடுத்த பச்சையில் குறுக்கே கடக்கலாம். அரை நிமிடம் கூடும். அரசடிச் சந்தியிலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் வயதானவர்கள் இப்போதே இறங்கி உருட்டிக்கொண்டு அப்படித்தான் கடக்கிறார்கள். அவர்கள் நிற்பதற்கு ஒரு திட்டு மட்டும் இல்லை.

பஸ் தரிப்பிடம் அடுத்த முடிச்சு. பஸ் ஓரத்துக்கு வெட்டி வருவதும், ஆள் இறக்கிவிட்டு வெட்டி ஏறுவதும் சைக்கிளுக்கு எமன். பாதையைத் தரிப்பிடத்தின் பின்னால் வளைத்துக் கொண்டுபோனால், பஸ் தன் தடத்திலேயே நிற்கும். பயணிகள் நடுவிலுள்ள திட்டில் இறங்கி, பாதையைக் கடந்து நடைபாதைக்கு வருவார்கள். கடக்கும் இடத்தில் பாதையைச் சற்று உயர்த்தி மஞ்சள் கடவை போடவேண்டும், அங்கே முன்னுரிமை நடப்பவருக்கு. ஆட்டோத் தரிப்பிடங்களை ஒழுங்கை வாய்க்குள் இரண்டு மூன்று வண்டி நீளத்துக்கு நகர்த்தலாம். அந்தத் தம்பிமாரிடம் முதலில் பேசவேண்டும். நாள் முழுக்கச் சந்தியில் நிற்பவர்கள் அவர்கள். எங்கே, எந்த நேரத்தில், எந்த வாகனம் சைக்கிளை இடிக்கப்பார்க்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வரைபடம் போடும் பொறியியலாளருக்குத் தெரியாது.

மழை, மணல், வெயில்

மாரி பிறந்தால் மட்டக்களப்பு தண்ணீருக்குள் நிற்கும். தொடர்ச்சியாகக் கல் வைத்தால் வீதித் தண்ணீர் கானுக்குப் போகாமல் தேங்கும், முதல் மழையிலேயே மக்கள் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிவார்கள், எறிவதும் நியாயம். ஆகவே கல்லுக்குக் கல் இடைவெளி விடவேண்டும், தண்ணீர் ஓடும் சரிவைப் பார்த்து. கானின் மூடியில் துவாரம் சில்லுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் ஒடுங்கிய சில்லு உள்ளே இறங்கும். பாதைப் பக்கம் கல்லின் உயரம் 6 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் பெடல் தட்டாது.

மணல் நம் நிலத்தின் குணம். வாகனம் ஓடாத இடத்தில் அது சேரும், சேர்ந்த மணலில் சைக்கிள் சறுக்கும். பாதையைப் போட்டுவிட்டுக் கூட்டாமல் விட்டால், ஒரு கச்சான் காலம் முடிவதற்குள் பிள்ளைகள் திரும்ப நடு வீதிக்கு வந்துவிடுவார்கள். யார் கூட்டுவது, எந்த நாளில் கூட்டுவது என்பது முதல் நாளே எழுத்தில் இருக்கவேண்டும்.

வெயிலைப் பற்றிச் சொல்பவர்களுக்கு ஸ்பெயினின் செவில் நகரை நினைவூட்டலாம். கோடையில் 40 பாகை தாண்டும் ஊர். 2006இலிருந்து சில ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று தொடுக்கும் 80 கிலோமீற்றர் தடுப்புப் பாதையைப் போட்டார்கள். அதற்கு முன் நூறு பயணத்தில் ஒன்றுகூடச் சைக்கிளில் நடக்காத ஊரில் அது 7 அளவுக்கு ஏறியது. துண்டு துண்டாகப் போடாமல் தொடர்ச்சியாகப் போட்டதுதான் அதன் இரகசியம். நமக்கோ பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது: மேடு பள்ளம் இல்லாத நிலம், நகரிலிருந்து காத்தான்குடி ஐந்தாறு கிலோமீற்றர், ஓட்டத் தெரிந்த மக்கள். இல்லாதது நிழல். பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணி வெயிலில் தார் கொதிக்கும். தடுப்பின் அகலத்தில் இடம் இருக்கும் இடமெல்லாம் வேம்போ மருதோ நட்டால் பத்து வருடத்தில் குடை விரியும். காத்தான்குடியில் வீதி நடுவே பேரீச்சை வரிசை நிற்கிறது. வீதிக்கு நடுவில் மரம் வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்க்கத் தெரிந்த ஊர்கள் நம்முடையவை.

கடைக்காரரும் கந்தோரும்

வாசலில் வாகனம் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிமெந்து, தகரம், குளிர்சாதனப் பெட்டி விற்பவருக்கு லொறி வந்தே ஆகவேண்டும். அதற்கு நேரம் ஒதுக்கலாம், காலை ஆறரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும். ஒரு நாள் முழுக்கக் கடை முன்னால் நிற்கும் கார் பல இடங்களில் கடைக்காரருடையதே என்பதையும் மெல்லச் சொல்லவேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும். பலசரக்குக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் வரும் ஆட்கள் எதில் வருகிறார்கள் என்று ஒரு கிழமை எண்ணிப் பார்த்தால் பயம் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று தெரிந்துவிடும்; எண்ணுவதைக் கடைக்காரர்களே செய்யட்டும்.

பெரிய முடிச்சு நிர்வாகத்தில் இருக்கிறது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். மாகாண வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம். ஒழுங்கைகளும் கானும் குப்பையும் மாநகர சபை அல்லது பிரதேச சபையிடம். போக்குவரத்து பொலிசிடம். மாநகர சபை விரும்பினாலும் ஏ4இல் ஒரு கல் வைக்க முடியாது. அதிகார சபை கல் வைத்தாலும் அந்தப் பாதையைக் கூட்ட ஆள் அனுப்பாது. ஆகையால் கோரிக்கை ஒரே கந்தோருக்குப் போனால் அங்கேயே தூங்கும். மாவட்டச் செயலகத்தில் எல்லோரும் ஒரே மேசையில் இருக்கும் கூட்டத்துக்கு அது போகவேண்டும். அளவுபோட்ட படத்தோடு போகவேண்டும். மறுகாப்பெட் போடும் திட்டம் வரும் வருடத்தைப் பார்த்துப் போகவேண்டும், ஏனென்றால் கோடுகள் எல்லாம் புதிதாகப் போடும் அந்த ஒரு தடவையில் மாற்றத்தின் செலவு மிகக் குறைவு.

அதற்குமுன் ஒரு பரீட்சார்த்தம் செய்யலாம். தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு, மண் நிரப்பிய கொங்கிரீட் வளையம், சுண்ணாம்புக் கோடு. கிணற்றுக்குச் செய்யும் வளையங்களே போதும், அவற்றில் பூவரசு நட்டுவிடலாம். மூன்று மாதம் வைத்துப் பார்த்து, பிழையான இடத்தில் நகர்த்தி, சரியான பிறகு கல்லாகக் கட்டலாம். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழாக் காலம்போல் வீதியே மக்களால் நிறையும் நாட்களில் தூக்கி ஓரம் வைக்கவும் முடியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில் பழைய இரும்புப் பாலம். புதுப்பாலம் வந்தபின் பெரிய வாகனத்தின் பாரம் அதற்கு இல்லை. வாவியைக் கடக்கும் இடத்தில், வேறெந்த நகரமும் கோடி கொடுத்துக் கட்ட வேண்டியதை, நூறு வருடத்துக்கு முன்னரே நமக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். குறைவது அதன் இரண்டு தலைப்பும். பாலத்தின் மேல் பிள்ளைகள் கதைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கமாக ஓட்டி வருகிறார்கள். கல்லடிப் பக்கத் தலைப்பில் இறங்கியதும் கதை நின்றுவிடுகிறது. முன்னால் வந்தவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு பஸ், பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றும் போகட்டும் என்று நிற்கிறாள். அவள் கால் ஊன்றும் அந்த இடத்திலிருந்து நாவற்குடாப் பக்கம் முதல் இரண்டு கிலோமீற்றரை அளக்கத் தொடங்கலாம்.